ஊர்க் கணக்குப் பார்த்த உபாத்தியாயினிகள்

சிகாகோ என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழருக்கு நினைவு வருபவை பெரும்பாலும் இரண்டு நிகழ்ச்சிகள். சென்னை நண்பர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்துக் கொடுத்த பணத்தோடு கப்பலேறிய விவேகானந்தர் 1893-ஆம் ஆண்டு சர்வமத மகாசபையில் நிகழ்த்திய பிரசங்கம் ஒன்று. எட்டு மணி நேர வேலை கேட்டெழுந்த கிளர்ச்சியின் நடுவே, 1886-இல் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்து, அந்தப் பழி சுமத்தப்பட்டு நால்வர் தூக்கிலேறிய துயரம் மற்றொன்று. பின்னதன் ஞாபகத்தோடு பிணைந்த மே தினம் உலகெங்கும் பரவி, 1923-இல் சிங்காரவேலரின் முயற்சியால் சென்னையிலும் முதன்முதலாகக் கொண்டாடப்பெற்றது.

இவ்விரண்டையும் கண்ட அதே தலைமுறையில், அந்நகரத்தின் ஆரம்பப் பள்ளிகளில் பாடம் நடத்திவந்த பெண்கள் கூடிச் சங்கம் ஒன்று அமைத்தார்கள். தங்கள் சம்பளம் ஏன் உயரவில்லை என்று அவர்கள் கேட்கப் புகுந்து, அதற்கு விடை தேடிக்கொண்டே போய், நகரத்தின் வரிப் புத்தகங்கள், நிலக் குத்தகைகள், டிராம் கம்பெனிகளின் பட்டயங்கள், நீதிமன்றங்கள், வங்கிகள் ஆகிய அனைத்துக்குள்ளும் நுழைந்து வந்த வரலாறு நம்மவரிடையே அவ்வளவாகப் பேசப்பட்டதில்லை. பள்ளிக்கூடம் அரசியலுக்கு அப்பாற்பட்ட புனித ஸ்தலம் என்று சொல்வது எல்லாத் தேசங்களிலும் பெரிய மனிதர்களின் வழக்கம். அந்தப் பேச்சை முதலில் நம்பி, பிறகு சோதித்து, கடைசியில் கைவிட்டவர்கள் இந்த உபாத்தியாயினிகள். பள்ளியின் கணக்கு விளங்க வேண்டுமானால் ஊரின் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. ஊரின் கணக்கில் கைவைத்தவர் அதன் நஷ்டத்திலும் பங்கு கொள்ள நேரும் என்பது அவர்கள் பின்னால், மிகுந்த சிரமப்பட்டுக் கற்ற பாடம்.

கதையின் வேர் நிலத்தில் இருக்கிறது. அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலத்திலேயே, மேற்குப் பகுதி நிலங்களைச் சதுரம் சதுரமாக அளந்து, முப்பத்தாறு சதுர மைல் கொண்ட ஒவ்வொரு வட்டாரத்திலும் பதினாறாம் இலக்கமிட்ட ஒரு சதுர மைலைப் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. நம் ஊர்களில் கோயிலுக்கும் சத்திரத்துக்கும் மானியம் விட்டதைப் போன்ற தர்மம் அது. சிகாகோவில் அந்தப் பதினாறாம் சதுரம் பிற்காலத்தில் நகரத்தின் நடுவயிறாக ஆன இடத்திலேயே விழுந்தது. ஆனால் 1833-ஆம் ஆண்டில், ஏரிக்கரைச் சேற்றின் நடுவே சில நூறு பேர் மட்டுமே குடியிருந்த அவ்வூரில், அதன் எதிர்காலத்தை யார் கண்டார்? அவ்வாண்டு அக்டோபரில் நடந்த ஏலத்தில், 142 மனைத்தொகுதிகளில் 138 தொகுதிகள் ஏறத்தாழ 38,000 டாலருக்குக் கைமாறின. பள்ளிக்கென்று மிஞ்சியவை நான்கே. மிஞ்சியதையும் காத்துக்கொண்டார்களா என்றால், அதுவும் இல்லை. வானளாவிய மாளிகைகள் எழத் தொடங்கியபின், நிலத்தின் விலையை அவ்வப்போது மறுமதிப்பீடு செய்து வாடகையை உயர்த்தலாம் என்றிருந்த ஷரத்தைச் சில நீண்டகாலக் குத்தகைகளிலிருந்து 1895-இல் பள்ளி வாரியமே நீக்கிவிட்டது. அவ்வாறு பயனடைந்த குத்தகைதாரர்களுள் 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகையும் ஒன்று. அந்நாளில் வாரியத்தில் அங்கம் வகித்தவர்களுள் ஒருவர் அப்பத்திரிகையின் வக்கீல். உபாத்தியாயினிகள் சம்பள உயர்வு கேட்டபோதெல்லாம், அவர்களுக்குச் சிக்கனத்தின் மேன்மையை உபதேசித்துத் தலையங்கம் தீட்டிய பத்திரிகைகளில் அதுவே முதல் வரிசையில் நின்றது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

1890-இல் ஏறத்தாழ 11 லட்சமாக இருந்த நகரத்தின் ஜனத்தொகை 1900-இல் 17 லட்சத்தை எட்டியது. போலந்து, பொஹீமியா, லித்துவேனியா, அயர்லாந்து, ஜெர்மனி என்று பல நாடுகளிலிருந்தும் ஜீவனம் தேடி வந்த குடும்பங்களின் குழந்தைகள் பள்ளிக்கூடங்களை நிறைத்தார்கள். இறைச்சிக் கூடங்களை அடுத்த பகுதியில், காற்றிலேயே இரத்தமும் கொழுப்பும் மணக்கும் தெருக்களின் நடுவே இருந்த ஹெண்ட்ரிக்ஸ் பள்ளியில், மார்கரெட் ஹேலி என்ற ஐரிஷ் வம்சத்துப் பெண் பதினாறு ஆண்டுகள் ஆறாம் வகுப்பு நடத்தினார். இலினாய் மாநிலத்து ஜோலியட்டில் 1861-இல் பிறந்த இவருடைய வகுப்பிலும், இவரைப் போன்றவர்களின் வகுப்புகளிலும், ஐம்பது அறுபது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது வழக்கம். அவர்களில் பலருக்கு வீட்டில் பேசும் பாஷை ஒன்று, தெருவில் கேட்கும் பாஷை ஒன்று, புத்தகத்தில் இருக்கும் பாஷை ஒன்று. இறைச்சிக் கூடத்தின் உட்புறத்தை அப்டன் சிங்க்ளேரின் நாவல் 1906-இல்தான் உலகுக்குக் காட்டியது. அதன் பிள்ளைகளை உபாத்தியாயினிகள் அதற்கு வெகுகாலம் முன்பே தினந்தோறும் கண்டுவந்தார்கள். பதினான்கு வயதுக்குள்ளேயே வேலைக்குப் போய்விடும் பையனுக்கு எதைக் கற்பிப்பது, எவ்வளவு காலம் கற்பிப்பது என்ற கேள்வியைச் சாஸ்திரப் புத்தகங்களிலிருந்தல்லாமல் வருகைப் பதிவேட்டிலிருந்தே அவர்கள் பெற்றார்கள்.

1897-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சிகாகோ ஆசிரியர் சம்மேளனம் தோன்றியது. அதற்கு இரண்டாண்டு முன்னர் நிறைவேறிய ஓய்வூதியச் சட்டத்தைக் காப்பதும், சம்பளத்தை உயர்த்துவதுமே அதன் முதல் நோக்கங்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஆண்டுக்கு 500 டாலரில் தொடங்கி, பல ஆண்டு உழைத்தபின் 800 டாலருக்குச் சற்று மேலே நின்றுவிடுவார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இந்த விகிதம் அசையவில்லை. மனுக்களும் கூட்டங்களும் பலன் தந்து, உச்சச் சம்பளத்தைப் படிப்படியாக 1,000 டாலருக்கு உயர்த்துவதென்று 1898-இல் வாரியம் தீர்மானித்தது. ஆனால் அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. முதல் படி உயர்வைக் கொடுத்த வாரியம், அடுத்த படிக்குக் கஜானாவில் பணமில்லை என்று சொல்லிக் கொடுத்ததையும் திரும்பப் பிடித்துக்கொண்டது.

சாதாரணமாக இத்தகைய இடத்தில் வேலைக்காரர் கெஞ்சுவார், அல்லது கோபிப்பார். ஹேலியும், சம்மேளனத்தின் தலைவியாயிருந்த காதரின் காகின் என்ற மற்றோர் ஆசிரியையும் மூன்றாவது வழியொன்றைக் கண்டார்கள்: பணமில்லை என்பது உண்மையானால், அது எங்கே போயிற்று என்று பார்ப்பது. 1900-ஆம் ஆண்டு ஜனவரியில் இருவரும் வகுப்பறையை விட்டு விடுப்பெடுத்துக்கொண்டு வரிப் பதிவேடுகளின்முன் உட்கார்ந்தார்கள். பின்னங்களையும் வட்டிக் கணக்கையும் சிறுவர்களுக்குக் கற்பித்துப் பழகிய கண்களுக்கு, பெரிய மனிதர்களின் கணக்கில் இருந்த ஓட்டை புலப்பட அதிக நாள் ஆகவில்லை. நகரத் தெருக்களில் தண்டவாளம் பதிக்கவும், குழாய் புதைக்கவும், கம்பம் நடவும் டிராம், காஸ், மின்சார, டெலிபோன் கம்பெனிகளுக்கு நகரசபை வழங்கியிருந்த பட்டயங்கள் கோடிக்கணக்கில் விலைமதிப்புள்ளவை. பங்குச் சந்தையில் அவற்றை நம்பியே அக்கம்பெனிகளின் பங்குகள் விலைபோயின. மாநிலச் சட்டமோ அவற்றையும் சொத்தாகக் கருதி வரி விதிக்கச் சொல்லியது. ஆனால் வரி விதிக்க வேண்டிய மாநிலச் சமன்பாட்டுச் சபை அவற்றைக் கண்டும் காணாததுபோல விட்டிருந்தது. தெருவில் நடந்து போகிறவனுடைய வீட்டுக்கு வரி உண்டு. தெருவையே பயன்படுத்தித் தனம் திரட்டுகிறவனுடைய உரிமைக்கு வரி இல்லை. பள்ளிக்குப் பணமில்லாமற்போன மர்மம் இதுதான்.

சபை முதலில் செவிசாய்க்கவில்லை. வழக்கு தொடர்ந்தார்கள். 1901-ஆம் ஆண்டு அக்டோபரில் இலினாய் மாநில உச்ச நீதிமன்றம், பட்டயங்களுக்கு வரி விதித்தே தீரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. கம்பெனிகள் உடனே மத்திய நீதிமன்றத்தின் கதவைத் தட்டி, தொகையைப் பெரிதும் குறைத்துக்கொண்டன. அப்படியும் ஆண்டுக்குச் சுமார் 6,00,000 டாலர் பொதுப் பணமாக வந்து சேர்ந்தது. அதில் பள்ளி வாரியத்தின் பங்கு ஏறத்தாழ 2,50,000 டாலர். வெற்றிக்களிப்பு அடங்குவதற்குள் இன்னொரு வேடிக்கை நடந்தது. ஆசிரியைகள் அலைந்து திரிந்து மீட்டுத் தந்த பணத்தை வாங்கிக்கொண்ட வாரியம், அதை நிலக்கரிச் செலவுக்கும் கட்டடப் பழுதுக்கும் ஒதுக்கியதே தவிர, வாக்களித்த சம்பளத்துக்கு ஒரு காசும் ஒதுக்கவில்லை. மறுபடியும் வழக்கு, 1904-இல் நீதிபதி எட்வர்டு டன் ஆசிரியைகளுக்குச் சார்பாகத் தீர்ப்புக் கூறினார். அந்த நீதிபதியே மறு ஆண்டு நகரத்தின் மேயராகி, சமூகத் தொண்டுக்குப் பேர்போன ஜேன் ஆடம்ஸ் முதலியவர்களைப் பள்ளி வாரியத்தில் நியமித்தார்.

இந்தப் போராட்டத்தின் நடுவே, 1902 நவம்பரில், சம்மேளனம் சிகாகோ தொழிலாளர் சம்மேளனத்தோடு இணைந்தது. அந்நாளில் அது சிறிய காரியமன்று. கையில் எண்ணெய் படிந்த தச்சனும், இறைச்சி வெட்டுகிறவனும், மூட்டை சுமக்கிறவனும் கூடும் சபையில், வெள்ளைக் கழுத்துப்பட்டை அணிந்த உபாத்தியாயினி போய் உட்காருவது கௌரவக் குறைவு என்று சம்மேளனத்துக்குள்ளேயே முணுமுணுத்தவர்கள் உண்டு. ஹேலி சொன்ன நியாயம் எளிமையானது. மேயரே பள்ளி வாரியத்தை நியமிக்கிறார். மேயரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு ஆண்களிடம் இருக்கிறது. ஆசிரியைகளுக்கு அந்த வாக்கு இல்லை. ஆகவே, பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் தொழிலாளரின் வாக்கே ஆசிரியைகளுக்குத் துணை. அதுவுமல்லாமல், அந்தத் தொழிலாளரின் பிள்ளைகளையே நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு, அவர்களின் தகப்பன்மார் கூடும் இடம் எப்படி அந்நியமாகும்? இலினாய்ப் பெண்களுக்கு நகரத் தேர்தலில் வாக்குரிமை வந்தது 1913-இல்தான். வாக்கில்லாத ஒரு கூட்டம் வாக்குள்ள ஒரு நகரத்தை எவ்வளவு தூரம் அசைக்கலாம் என்பதற்கு அதற்கு முந்திய பத்தாண்டுகள் சாட்சி.

பணத்தைப் பற்றிய சண்டை விரைவிலேயே அதிகாரத்தைப் பற்றிய சண்டையாக மாறியது. அந்நாளில் நகரத்துப் பள்ளிகளைச் சீர்திருத்தப் புகுந்த வியாபாரிகளுக்கும் சர்வகலாசாலைத் தலைவர்களுக்கும் ஒரே மந்திரம் தெரிந்திருந்தது: வாரியத்தைச் சுருக்கு, கண்காணிப்பாளர் கையில் அதிகாரத்தைக் குவி, பள்ளியை ஆலைபோல நடத்து. சிகாகோ சர்வகலாசாலையின் தலைவர் வில்லியம் ரெயினி ஹார்ப்பர் தலைமையில் அமைந்த கமிஷன் 1899-இல் இப்படியே சிபாரிசு செய்தது. ஆண் ஆசிரியர்களை ஈர்ப்பதற்காக அவர்களுக்கு மட்டும் கூடுதல் சம்பளம் தரலாம் என்ற யோசனையும் அதில் இருந்தது. இந்தச் சிபாரிசுகளைச் சட்டமாக்க வந்த மசோதாவை ஆசிரியைகள் சட்டசபையில் முறியடித்தார்கள். 1901-இல் டிட்ராயிட்டில் நடந்த தேசியக் கல்விச் சங்கக் கூட்டத்தில், கல்விக்குச் செல்வர்கள் தரும் நன்கொடைகளை வானளாவப் புகழ்ந்த கல்வி கமிஷனருக்கு எதிராக ஹேலி எழுந்து பேசியபோது, வருஷக் கடைசியில் களைத்துப்போன பள்ளிக்கூடத்துப் பெண் என்று அவரை அந்தப் பெரியவர் இளக்காரமாக ஒதுக்கித் தள்ளினார். மூன்றாண்டுக்குப் பின் செயின்ட் லூயிஸ் மாநாட்டில், ஆசிரியர்கள் ஏன் சங்கம் சேர வேண்டும் என்ற பொருளில் அதே பெண் நிகழ்த்திய பிரசங்கம் இன்றுவரை அத்தொழிலின் மூலப் பத்திரங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. மேலிருந்து உத்தரவு வாங்கி அப்படியே நிறைவேற்றும் யந்திரமாக ஆசிரியர் ஆகிவிட்டால், சுதந்திரமாகச் சிந்திக்கும் பிரஜைகளை அவரால் உருவாக்க முடியுமா என்பது அதன் சாரம்.

அந்தக் கேள்விக்கு ஒரு காலம் நல்ல பதில் கிடைத்தது. 1909-இல் கண்காணிப்பாளரான எல்லா ஃபிளாக் யங் அம்மையார், பெரிய அமெரிக்க நகரமொன்றின் பள்ளிகளுக்குத் தலைமை வகித்த முதல் பெண். மறு ஆண்டு தேசியக் கல்விச் சங்கத்தின் முதல் பெண் தலைவியானவரும் அவரே. தத்துவ அறிஞர் ஜான் டூயியோடு பணியாற்றிய அவர், பள்ளிதோறும் ஆசிரியர் சபைகளைக் கூட்டி, பாடத்திட்டம் முதலியவற்றில் அவர்களுடைய அபிப்பிராயம் மேலே போய்ச் சேர வழி செய்தார். வாரியத்தில் எதிர்ப்பு மூண்டு அவர் 1913-இல் விலகியபோது நகரத்துப் பெண்கள் திரண்டு நின்று அவரை மீண்டும் அழைத்துவரச் செய்தார்கள். அவர் 1915-இல் ஓய்வு பெற்றதோடு அந்த நல்ல காலம் முடிந்தது.

அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதியன்று, வாரியத்தின் செல்வாக்குள்ள உறுப்பினரான ஜேக்கப் லோப் என்பவர் ஒரு விதியை நிறைவேற்றினார். தொழிற்சங்கத்தோடு இணைந்த எந்தச் சங்கத்திலும், பாடம் நடத்தாத ஒருவரைக் காரியஸ்தராக வைத்திருக்கும் எந்தச் சங்கத்திலும் ஆசிரியர் எவரும் அங்கம் வகிக்கக் கூடாது என்பது அது. பின்பகுதி, வகுப்பை விட்டுச் சம்மேளனத்தின் முழுநேர ஊழியராயிருந்த ஹேலி ஒருவரையே குறிவைத்தது என்பது ஊரறிந்த செய்தி. 1916 தொடக்கத்தில் காதரின் காகின் சாலை விபத்தில் மாண்டார். ஏப்ரலில் சிகாகோ சங்கங்களையும் அண்டைச் சங்கங்களையும் கொண்டு அமெரிக்க ஆசிரியர் சம்மேளனம் உதயமாயிற்று. அதன் கிளைகளில் முதல் இலக்கம் சிகாகோவுக்கு. ஜூனில் வாரியம் 68 ஆசிரியர்களுக்கு மறுநியமனம் மறுத்தது. அவர்களில் 38 பேர் சங்கத்து உறுப்பினர்கள். 1917-இல் மாநில உச்ச நீதிமன்றம், எக்காரணத்தாலும், காரணமே இல்லாமலும், ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ள மறுக்க வாரியத்துக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. வேலை இழந்தவர்களை மீட்பதற்காகச் சம்மேளனம் தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகிக்கொண்டது. அந்தத் தோல்வியிலும் ஒரு லாபம் கிட்டாமற்போகவில்லை: மூன்றாண்டு பயிற்சிக்காலத்துக்குப்பின் வேலைப் பாதுகாப்பு அளிக்கும் ஓட்டிஸ் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. தலை குனிந்து உறுப்பினரைக் காப்பாற்றியது சரியா, நிமிர்ந்து நின்று சிலரைப் பலி கொடுத்திருக்க வேண்டுமா என்ற விவாதம் சங்கம் கண்ட ஒவ்வொரு தேசத்திலும் உண்டு. வீட்டில் வேறு வருமானம் இல்லாத, பெரும்பாலும் மணமாகாத பெண்கள் வேலை இழந்து நிற்பதைக் கண்டவர்களை இன்று நாம் இருந்த இடத்திலிருந்து குறைகூறுவது எளிது.

அடுத்த பத்தாண்டுகளில் பள்ளி விவகாரம் கேலிக்கூத்தாகவே மாறியது. மேயர் வில்லியம் ஹேல் தாம்ஸனின் ஆட்சியில் வாரியத்தின் கொள்முதல்களில் நடந்த ஊழல் 1922-இல் வெளிப்பட்டு, வாரியத்தாரில் சிலர்மீது வழக்குப் பாய்ந்தது. பின்னர் வந்த மேயர் நேர்மையானவர். ஆனால் அவர் காலத்தில் கண்காணிப்பாளராக வந்த வில்லியம் மக்ஆண்ட்ரூ ஆசிரியர் சபைகளை ஒடுக்கி, ஆசிரியர்கள் நாளொன்றுக்கு நான்கு முறை வருகைத் தாளில் கையொப்பமிட வேண்டும் என்று உத்தரவிட்டார். காலையில் வந்ததும் ஒன்று, மதியம் போகும்போது ஒன்று, திரும்பியதும் ஒன்று, மாலையில் ஒன்று: இருபது முப்பது ஆண்டு பணியாற்றி நரைத்துப்போன உபாத்தியாயினியும், தன்னிடம் படித்து ஆலைக்குப் போன பையன் ஆலை வாசலில் செய்வதையே தானும் செய்யலானாள். 1927-இல் மறுபடி பதவிக்கு வந்த தாம்ஸன், இங்கிலாந்து மன்னரின் மூக்கில் குத்துவேன் என்று மேடையில் முழங்கி வாக்குச் சேர்த்தவர். பிரிட்டனைப் புகழும் சரித்திரப் புத்தகங்களைப் பாடமாக வைத்தார் என்ற குற்றச்சாட்டையும் சேர்த்து, மக்ஆண்ட்ரூமீது வாரியத்தில் விசாரணை நடத்தி அவரை விலக்கினார். கையொப்பத் தாளை வெறுத்த ஆசிரியைகள் இந்த விசாரணையில் கண்காணிப்பாளருக்காகக் கண்ணீர் சிந்தவில்லை. ஊழல்காரர் ஒருவர் கையால் அடக்குமுறைக்காரர் ஒருவர் வீழ்ந்ததைக் கண்டு திருப்தி கொண்டது அவர்களுடைய வரலாற்றில் பெருமைக்குரிய பக்கமன்று.

இனி வருவது இந்தச் சரித்திரத்தின் விபரீதமான திருப்பம். இருபதுகளின் பிற்பகுதியில், வயது முதிர்ந்த ஹேலி மீண்டும் வரிக் கணக்கைப் புரட்டினார். நிலங்களின் மதிப்பீட்டில் வேண்டியவர்க்கு ஒரு நியாயம், வேண்டாதவர்க்கு ஒரு நியாயம் என்றிருந்ததை அம்பலப்படுத்தினார். அதன் விளைவாக, நகரம் முழுவதையும் மறுமதிப்பீடு செய்யும்படி 1928-இல் மாநில அதிகாரிகள் கட்டளையிட்டார்கள். நியாயமான கட்டளைதான், ஆனால் மதிப்பீடு முடியும்வரை ஏறத்தாழ இரண்டாண்டு வரி வசூலே நின்றுபோயிற்று. வரி வரும் என்ற நம்பிக்கையில் பத்திரம் எழுதி வாரியம் கடன் வாங்கிக்கொண்டே போயிற்று. அந்த இடைவெளியில் 1929-இன் பொருளாதார வீழ்ச்சி வந்து புகுந்தது. புதிய மதிப்பீட்டை ஏற்காத பெரிய சொத்துக்காரர்கள் சங்கம் கூடி வரிகொடா இயக்கம் நடத்தினார்கள். வங்கிகள் வாரியத்தின் பத்திரங்களை வாங்க மறுத்தன. நியாயத்தைத் தேடிப்போன ஆசிரியைகள் திறந்துவிட்ட மதகு, அநியாயம் செய்தவர்களை விட்டுவிட்டு அவர்களுடைய வீட்டையே முதலில் அடித்துச் சென்றது.

1931 முதல் சம்பளம் தவறத் தொடங்கியது. ரொக்கத்துக்குப் பதிலாகச் சில மாதங்கள் வரிப் பத்திரங்கள் வந்தன. அவற்றைக் கடைக்கு எடுத்துச் சென்றால் கடைக்காரர் முகமதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டே பண்டம் கொடுப்பார். பிறகு அவையும் நின்றன. காப்புறுதிப் பாலிசிகள் காலாவதியாயின. வீடுகள் அடகில் மூழ்கின. வட்டிக்காரர்கள் வாசலில் நின்றார்கள். 1933-ஆம் ஆண்டு வசந்தத்தில், ஏறத்தாழ 14,000 ஆசிரியர்களுக்கு எட்டு மாதத்துக்கு மேற்பட்ட சம்பளம் பாக்கி. அதே சமயத்தில், ஊர் தோன்றி நூறாண்டு ஆனதைக் கொண்டாட ஏரிக்கரையில் மாபெரும் உலகக் கண்காட்சி எழுந்துகொண்டிருந்தது. பள்ளி நிலம் ஏலம் போனதும் அதே 1833-இல்தான் என்பதை அந்தக் கண்காட்சியின் விளம்பரப் பலகைகள் நினைவூட்டவில்லை.

அவ்வாண்டு ஏப்ரலில் ஆசிரியர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜான் ஃப்யூக்ஸ் என்ற தேகப்பயிற்சி ஆசிரியர் முன்னின்று நடத்திய கூட்டம் அது. பொறுமையாக மனு எழுதும் காலம் கடந்துவிட்டது. 24-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் நகர நடுவிலுள்ள பெரிய வங்கிகளுக்குள் புகுந்தனர். சலவைக்கல் தளமும் பித்தளைக் கம்பிகளும் பளபளக்கும் அந்தக் கூடங்களில், வழக்கமாகச் சிறு சேமிப்புப் புத்தகத்தோடு வரிசையில் ஒதுங்கி நிற்கும் பெண்கள் அன்று தங்கள் சம்பளத்தைக் கூவிக் கேட்டார்கள். ஒரு வங்கியின் தலைவர் சார்லஸ் டாஸ். அமெரிக்காவின் உபஜனாதிபதியாக இருந்தவர், சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவருடைய பழைய வங்கி முழுகாதிருக்க மத்திய அரசு முந்திய ஆண்டுதான் கோடிக்கணக்கான டாலர் கடன் தந்திருந்தது. அவருடைய தம்பியே உலகக் கண்காட்சியின் தலைவர். கூட்டத்தின்முன் வந்த டாஸ், கலகக்காரர்கள் நரகத்துக்குப் போகட்டும் என்ற பொருள்படப் பேசினார். அந்த நாட்களில் நடந்த தள்ளுமுள்ளில் மேசைகள் கவிழ்ந்தன, கண்ணாடிகள் நொறுங்கின, சுவர்களில் மை சிதறியது. பையன்கள் மை கொட்டினால் தண்டித்து வந்தவர்கள் அதைச் செய்தார்கள் என்பதைப் பத்திரிகைகள் நம்பமுடியாமல் எழுதின.

சம்பளத்தில் ஒரு பகுதி வந்தது. ஆனால் ஜூலையில் வாரியம் பழிவாங்கியது என்றே சொல்ல வேண்டும்: நடுநிலைப் பள்ளிகளை ஒழித்து, மழலையர் வகுப்புகளைப் பாதியாக்கி, நகரத்தின் இலவசக் கல்லூரியை மூடி, சுமார் 1,400 ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பியது. மத்திய அரசின் கடனுதவியால் 1934 ஆகஸ்டில்தான் பழைய பாக்கி தீர்ந்தது. சிறு சிறு சங்கங்களாகப் பிரிந்து கிடந்ததன் பலவீனத்தை அனுபவித்தறிந்த ஆசிரியர்கள், ஆண் பெண், ஆரம்பப் பள்ளி உயர்நிலைப் பள்ளி என்ற பேதங்களை விட்டு 1937-இல் சிகாகோ ஆசிரியர் சங்கமாக ஒன்றுபட்டனர். ஹேலியின் பழைய சம்மேளனம் அதில் சேராமல் ஒதுங்கி நின்றது. 1939 ஜனவரியில் அவர் காலமானார்.

அவருடைய கூரிய கண்ணுக்கும் ஊரின் ஒரு பாதி தெரியவில்லை. தென் மாநிலங்களிலிருந்து பெருந்திரளாக வந்து தெற்குப் பகுதியில் அடைபட்ட கறுப்பின மக்களின் பள்ளிகளில், இடமில்லாமல் குழந்தைகள் காலையில் ஒரு பகுதி, மாலையில் ஒரு பகுதி என்று வந்துபோனார்கள். அண்டையிலுள்ள வெள்ளையர் பள்ளிகளில் காலியிடம் இருந்தது. வரியின் அநீதியை டாலர் கணக்கில் கண்டுபிடித்த சம்மேளனம் இந்த அநீதியைப் பற்றிப் பெரும்பாலும் மௌனம் சாதித்தது. அறுபதுகளில், கறுப்பினப் பிள்ளைகளை அண்டைப் பள்ளிகளுக்கு அனுப்பாமல் தகரக் கொட்டகை வகுப்புகளில் அடைத்துவைத்த கண்காணிப்பாளருக்கு எதிராக, 1963 அக்டோபர் 22-ஆம் தேதி இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் பள்ளியைப் பகிஷ்கரித்தார்கள். கூட்டுப் பேரம் பேசும் உரிமையை 1966-இல் பெற்ற சங்கத்துக்குள்ளேயே, நிரந்தரச் சான்றிதழ் மறுக்கப்பட்டுத் தற்காலிகர்களாகவே வைக்கப்பட்டிருந்த கறுப்பின ஆசிரியர்கள் தங்கள் சங்கத்தாரோடும் போராட வேண்டியிருந்தது.

சங்கத்தில் பின்வந்தவர்கள் அந்தப் போராட்டங்கள் கற்பித்த பாடத்தை மறக்கவில்லை. 2012 செப்டம்பரில் ஏழு பள்ளி நாட்கள் நீடித்த வேலைநிறுத்தத்தில், சங்கம் சம்பளத்தோடு வகுப்பின் அளவையும், நூலகத்தையும், குளிர்சாதனமில்லாத அறைகளையும் பற்றிப் பேசியது. மறு ஆண்டு ஏறத்தாழ ஐம்பது பள்ளிகளை, பெரும்பாலும் கறுப்பினத்தவர் வசிக்கும் பகுதிகளில், நகரம் மூடியபோது பெற்றோர்களும் ஆசிரியர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். 2023-இல், முன்னாள் ஆசிரியரும் சங்கத்தின் முழுநேர ஊழியருமான பிராண்டன் ஜான்ஸன் மேயர் நாற்காலியிலேயே அமர்ந்தார். பள்ளியின் பற்றாக்குறையை ஈடுகட்டக் குறுகியகாலக் கடன் வாங்க வேண்டும் என்று 2024-இல் அவர் தரப்பு வற்புறுத்தியது, கண்காணிப்பாளர் மறுத்தார், அந்தச் சச்சரவில் வாரியத்தார் அனைவரும் ஒருசேர ராஜினாமாவை அறிவித்தார்கள்.

கடன் கேட்டவர் சங்கத்து மனிதர், மறுத்தவர் நிர்வாகி என்பதைக் கொண்டு மட்டும் இந்த வழக்கைத் தீர்த்துவிட முடியாது. வெளியே நின்று, பணம் எங்கே போயிற்று என்று கேட்பது நூறாண்டுக்கு முன் ஆசிரியைகளின் தர்மமாக இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தபின், பணம் எங்கிருந்து வரும் என்று சொல்வதும் அந்தத் தர்மத்தின் பகுதியாகிவிடுகிறது. ஹேலியும் காகினும் விட்டுச் சென்ற ஆஸ்தி சம்பள உயர்வோ ஓய்வூதியமோ மட்டுமன்று. எந்தக் கடனையும், எந்தச் சிக்கனத்தையும், எந்தச் சலுகையையும், இதை யார் தருகிறார், யார் தராமல் தப்புகிறார் என்று கணக்கைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அது. அந்தப் பழக்கத்தை எதிராளியின் கணக்கோடு நிறுத்திக்கொள்ளாமல் தன் கணக்கிலும் செலுத்துகிற சங்கமே, பள்ளிக்கூடத்துக்காகப் பேசும் தகுதியை உடையது.